என்சைம், டயஸ்டேஸ், சைமேஸ்: புளித்த மாவிலிருந்து நொதியம் வரை

என்சைம், சைமேஸ், லைசோசைம் என்று உயிர்வேதியியலில் திரும்பத் திரும்ப வரும் ‘சைம்’ ஒரு கிரேக்கச் சொல்லின் துண்டு. ஆங்கிலத்தின் வழியாக வந்ததால் நாம் அதைச் ‘சைம்’ என்கிறோம். இன்றைய கிரேக்கர் வாயில் அது ‘ஸீமி’. என்சைம் என்பது உயிர்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் பொருள். ஆனால் ‘சைம்’ என்பதன் பொருள் மிக எளியது: புளித்த மாவு. முந்தைய நாள் பிசைந்த மாவில் ஒரு பிடியை எடுத்து வைத்து, மறுநாள் புது மாவோடு சேர்த்துப் பிசைவார்களே, அந்தப் பிடி. தயிருக்கு உறைமோர் எப்படியோ, ரொட்டிக்கு அது அப்படி.

தமிழில் இந்தச் சொல்லுக்கு மிகப் பழக்கமான மொழிபெயர்ப்பு விவிலியத்தில் இருக்கிறது. ஒரு பெண் மூன்றுபடி மாவில் அடக்கிவைத்த ‘புளித்த மா’ என்று மத்தேயு 13ஆம் அதிகாரத்தில் வரும் இடத்தில், கிரேக்க மூலத்தில் நிற்பது இதுதான். இதன் எதிர்மறைதான் ‘புளிப்பில்லாத அப்பம்’. அதற்குக் கிரேக்கத்தில் ‘அ’ என்ற இன்மை முன்னொட்டைச் சேர்த்து ‘அசைமோஸ்’ என்றார்கள். புளித்த அப்பத்துக்கு ‘உள்ளே’ என்று பொருள்படும் ‘என்’ சேர்ந்தது. ஆக, ‘என்சைமோஸ்’ என்றால் உள்ளே புளிமா உள்ளது.

1054இல் ரோமும் கான்ஸ்டாண்டிநோபிளும் பிரிந்தபோது நடந்த சண்டைகளில் ஒன்று, திருப்பலிக்குப் புளித்த அப்பமா புளிக்காத அப்பமா என்பது. கிழக்குத் திருச்சபை புளித்த அப்பத்தின் பக்கம். ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்க்கும் முன்பே ‘என்சைம்’ பூசை மேடையில் இருந்துவிட்டது.

சரி, அறிவியலுக்கு அது எப்படி வந்தது? 19ஆம் நூற்றாண்டில் எல்லாவற்றுக்கும் ‘ஃபெர்மெண்ட்’ என்ற ஒரே சொல்தான். அது லத்தீன், கொதித்தல், பொங்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. நம் வீட்டிலும் மாவு ‘பொங்கிவிட்டது’ என்றுதானே சொல்கிறோம்? சிக்கல் என்னவென்றால், சர்க்கரையை மதுவாக்கும் ஈஸ்ட்டும் ஃபெர்மெண்ட். இரைப்பையில் இறைச்சியைக் கரைக்கும் பெப்சினும் ஃபெர்மெண்ட். முதலாவது உயிருள்ள செல். இரண்டாவது 1836இல் தியோடர் ஷ்வான் பெயரிட்ட உயிரற்ற பொருள். ‘அமைப்புடைய ஃபெர்மெண்ட்’, ‘அமைப்பற்ற ஃபெர்மெண்ட்’ என்று நீட்டி முழக்கி வேறுபடுத்த வேண்டியிருந்தது. நொதித்தல் உயிரின் செயல் என்று பிரெஞ்சு அறிவியலாளர் பாஸ்டர் ஒரு பக்கம், வெறும் வேதிச் சிதைவு என்று ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் மறுபக்கம். சொல்லும் குழம்பிக் கிடந்ததால் வாதமும் தெளியவில்லை.

ஹைடல்பெர்க் உடலியலாளர் வில்ஹெல்ம் கூனே பெப்சின் போன்ற உயிரற்ற இரண்டாவது வகைக்கு ‘என்சைம்’ என்று பெயர் வைத்தார். கட்டுரை 1877இல் அச்சானது. நேராகப் பிரித்தால் ‘ஈஸ்ட்டுக்குள்’ என்று பொருள். அவர் பெயர் சூட்டிய பொருள்கள் பல ஈஸ்ட்டுக்கு வெளியே, வயிற்றிலும் கணையத்திலும் கிடைத்தவை என்பதுதான் வேடிக்கை. ஆனால் 20 ஆண்டுகளில் பெயர் பொருந்திவிட்டது. 1897இல் ஜெர்மன் வேதியியலாளர் எட்வர்ட் புஃக்னர் ஈஸ்ட்டை மணலோடு அரைத்து, பிழிந்து, செல் எதுவும் இல்லாத சாற்றில் சர்க்கரை சேர்த்தார். சாறு குமிழிவிட்டு நொதித்தது. ஈஸ்ட்டுக்குள் இருந்த அந்தப் பொருளுக்கு அவர் தந்த பெயர் ‘சைமேஸ்’. 1907இன் வேதியியல் நோபல் பரிசு அவருக்குப் போனது. சைமேஸ் ஒரே பொருள் அல்ல, பல என்சைம்களின் கூட்டம் என்பது அப்புறம் தெரியவந்தது.

சைமேஸில் உள்ள ‘ஏஸ்’ தனிக் கதை. 1833இல் பிரான்சில் பாயன், பெர்சோ என்ற இரு வேதியியலாளர்கள் முளைகட்டிய பார்லியின் சாற்றிலிருந்து மாவுச்சத்தைக் கரைக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். ‘டயஸ்டேஸ்’ என்றார்கள். கிரேக்கத்தில் ‘டியாஸ்டாசிஸ்’ என்றால் பிரிந்து நிற்றல். ‘டியா’ பிரிவைக் குறிக்கும், ‘ஸ்டாசிஸ்’ நிற்பதைக் குறிக்கும். நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு அறிவியலாளர் எமில் டுக்ளோ, டயஸ்டேஸை நினைவுகூரும் வகையில் எல்லா என்சைம்களின் பெயரையும் ‘ஏஸ்’ என்று முடிக்கலாம் என்றார். லாக்டேஸ், லிப்பேஸ், புரோட்டியேஸ் எல்லாம் அந்த வழக்கம்தான். கிரேக்க இலக்கணப்படி பார்த்தால் இந்த வெட்டு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது: ‘நில்’ என்ற வேர் முன்னாலேயே தங்கிவிட, வால் மட்டும் கிடைத்தது. அந்த வாலுக்குத் தனிப் பொருள் கிடையாது. அதனால் லிப்பேஸைப் பிரித்துப் பொருள் தேடுபவர் ‘லிப்போஸ்’, கொழுப்பு, என்பதோடு நின்றுவிடலாம். டயஸ்டேஸின் இன்றைய பெயர் அமைலேஸ். அதில் உள்ள ‘அமைலோன்’ மாவுச்சத்து. சொல்லுக்குள் போனால் ‘திரிகையில் அரைக்காதது’.

முளைத் தானியத்தின் இந்த வேலை தமிழ் மண்ணுக்கும் புதிதல்ல. பெரும்பாணாற்றுப்படை கள் ஆக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறது: அரிசிக் கூழை அகன்ற வாயுள்ள பிழா என்ற கலத்தில் ஆறவைத்து, ‘நல்லடை’ கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு, சாடியில் விளையவைப்பது. நல்லடைக்கு உரைகாரர் சொல்லும் பொருள் நெல்முளை. ஈஸ்ட் மாவுச்சத்தை நேராக உண்ணாது. முளையில் உள்ள அமைலேஸ் அதைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க வேண்டும். பாட்டில் நொதித்தலுக்கு வரும் வினை ‘விளைந்த’ என்பது. அழகான சொல்தான். ஆனால் வயலும் உப்பளமும் அதை எடுத்துக்கொண்டுவிட்டதால் கலைச்சொல்லாக இனித் தேறாது.

இப்போது நமது சொல்லுக்கு வருவோம். ‘ஃபெர்மெண்டேஷன்’ என்பதற்கு நொதித்தல் நிலைத்துவிட்டது. புளித்தல் ஏன் போதாது? அது சுவையைச் சொல்கிறது. தோசை மாவுக்கும் தயிருக்கும் சரி. சாராய ஊறலுக்கும் புகையிலைப் பதத்துக்கும் பொருந்தாது. என்சைமுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘நொதி’ என்கிறது, இலங்கையில் ‘நொதியம்’. என் ஓட்டு இலங்கைக்கு. ‘நொதி’ வினையடியாகவும் நிற்கிறது, பொருளின் பெயராகவும் நிற்கிறது. ‘நொதி சேர்த்து நொதிக்கவைத்தல்’ என்று எழுதும்போது, சேர்த்தது ஈஸ்ட்டா என்சைமா என்று வாசகர் தடுமாறுவார். கூனே எந்தக் குழப்பத்தை ஒழிக்கப் புதுச்சொல் செய்தாரோ, அதே குழப்பம். அவர் ‘என்’ என்ற முன்னொட்டால் செய்ததை ‘அம்’ என்ற விகுதி செய்துவிடுகிறது.

குடலில் கொழுப்பை உடைக்கும் பொருளுக்கும் நொதித்தலுக்கும் என்ன உறவு, அதற்குப் போய் நொதியம் என்பதா என்று சிலர் கேட்பதுண்டு. கிரேக்கத்திலும் அதே கதிதான். 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ணீரிலும் முட்டை வெள்ளையிலும் கண்ட, பாக்டீரியாவைக் கரைக்கும் பொருளுக்கு ‘லைசோசைம்’ என்று பெயர்: ‘லைசிஸ்’, கரைத்தல். அதில் மாவும் இல்லை, புளிப்பும் இல்லை. ‘கரைநொதியம்’ என்றால் தமிழில் தடையின்றிப் புரியும். என்சைமுக்குத் துணைநிற்கும் பொருளான கோஎன்சைமுக்குத் துணைநொதியம். சைமோஜனுக்கு, ‘ஜன்’ என்பது பிறப்பிப்பது என்பதால், நொதியமாக மாறக் காத்திருக்கும் பொருள் என்ற கருத்தில் முன்நொதியம். அமைலேஸ், லிப்பேஸ் போன்ற தனிப்பெயர்களை அப்படியே எழுதி, முதல்முறை வரும்போது அது எதை உடைக்கிறது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.