வால்வு மாத்தியாச்சு, இன்னும் ஏன் மூச்சு வாங்குது?

"மூணு மாடி ஏறினா மறுபடியும் மூச்சு வாங்குது மேடம். வச்ச வால்வு சரியில்லையா?"

வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு வயது நாற்பதுக்குள். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். கையில் இருந்த எக்கோ ரிப்போர்ட்டில் குறை ஒன்றுமில்லை. இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் நான். இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம்தான்.

சிறுவயதில் தொண்டைப்புண்ணும் அதைத் தொடர்ந்து ருமாட்டிக் காய்ச்சலும் வந்து, அவருடைய மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேல், கீழ் அறைகளுக்கு நடுவே இருக்கும் கதவு) மெல்ல மெல்லச் சுருங்கியிருக்கிறது. மூச்சு வாங்குகிறதே என்று நடையைக் குறைத்தார், படியைக் குறைத்தார். பல வருஷம் இப்படி. சர்ஜன் வால்வை மாற்றினார். இளைத்துப்போன தொடைச் சதையை அவரால் மாற்ற முடியாதே! நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஏறியிருந்த அழுத்தமும் ஒரே நாளில் இறங்கிவிடாது. ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ரத்தசோகை வேறு.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். இயல்பான மைட்ரல் வால்வின் திறப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். செயற்கை வால்வு அதைவிடக் குறுகல். உட்கார்ந்திருக்கும்போது அது தெரியாது, வேகமாக ஏறும்போது தெரியும். ஓட்டப்பந்தயத்துக்கு நான் உறுதி தரமாட்டேன். ஆனால் மாடிப்படி, மார்க்கெட், பஸ் இதெல்லாம் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதப் பயிற்சியில் திரும்பிவிடும்.

வீட்டில் மாமியார் ஒரு டம்ளர்கூட எடுக்க விடவில்லையாம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "பைபாஸ் பண்ண உடம்பு, அசையாதே" என்றிருக்கிறார்கள். (நெஞ்சைத் திறந்தாலே நம்ம ஊரில் அது பைபாஸ்தான்.) அந்தப் பாசம்தான் அவருடைய காலைக் கட்டிப்போட்டிருந்தது.

ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி தூரத்தை அளந்தோம். 260 மீட்டர். வீட்டில் ஐந்து ஐந்து நிமிடமாக ஒரு நாளைக்கு நாலு தடவை நடக்கச் சொன்னேன். சில நாளுக்கொரு முறை ஓரிரு நிமிடம் கூட்டணும். நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கையில் கட்டிய வாட்ச்சை நம்பி வேகத்தை வைக்கக்கூடாது. பக்கத்தில் வருகிறவரிடம் ஊர்வம்பு பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அது சரியான வேகம். வாக்கியம் பாதியில் நின்றால் குறைத்துக்கொள்ளுங்கள். சென்னைப் புழுக்கத்தில் வேர்வை காயாது, அதே நடைக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். கத்திரி வெயில் நாட்களில் விடிகாலையில் நடையை முடித்துவிடுங்கள். மெரினா போகிறவர்களுக்கு நடைபாதை போதும், மணலில் இறங்க வேண்டாம்.

பாதி நடையில் அவர் நின்றுவிடுவதற்கு மூச்சு மட்டும் காரணமில்லை. உலோக வால்வின் 'டிக் டிக்' சத்தம். ராத்திரி அமைதியில் அவருடைய கணவருக்கே கேட்குமாம். நடந்தால் அது வேகமாகிறது, பயத்தில் நின்றுவிடுகிறார். இதயம் வேகமாகத் துடித்தால் வால்வும் வேகமாகத்தான் மூடித் திறக்கும், அதில் பயப்பட எதுவுமில்லை. பழகிய அந்தச் சத்தம் திடீரென மங்கினாலோ, கூடவே மூச்சுத் திணறினாலோதான் ஆபத்து. வால்வில் ரத்தம் உறைந்திருக்கலாம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். டெஸ்ட்டின் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போய்விடணும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஒரு வேளையும் விடக்கூடாது என்பது இதனால்தான். அதே மாத்திரையால், அடிபட்டால் ரத்தம் நிற்க நேரமாகும். ஏரியா கிரிக்கெட்டுக்குத் துடிக்கும் தம்பிகளுக்கும் இதைச் சொல்லித்தான் கார்க் பந்தை வேண்டாம் என்கிறேன்.

நடக்கும்போது நெஞ்சுவலி, தலைசுற்றல், தாறுமாறான படபடப்பு வந்தால் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ டாக்டரைப் பாருங்கள்.

பத்து வாரம் கழித்து அதே பெண், அதே ஆறு நிமிடம், 390 மீட்டர். மூணு மாடியை ஒரே ஒரு இடத்தில் நின்று ஏறுகிறாராம்.

"தண்ணி லாரி வந்தா நான் குடம் தூக்கலாமா மேடம்?"

நிறைகுடம் கிட்டத்தட்ட 15 கிலோ. அறுத்துச் சேர்த்த நெஞ்செலும்பு நன்றாகக் கூட மூன்று மாதம் ஆகும். அவருக்கு அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. ஆனாலும் சர்ஜன் ஒருமுறை தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும், அதன்பிறகும் முதலில் அரைக் குடம்தான் என்றேன். அதுவரை குடம் கணவர் தோளில். அவர் மறுப்பு சொல்லவில்லை.