மூடிய இமையும் சிவப்பு ஒளியும்

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டிகளில் சொக்லேற்றோடும் வாசனைத் திரவியத்தோடும் இப்போது சிறு எல்.ஈ.டி. விளக்குகள் பதித்த சிவப்பு ஒளி முகமூடியும் யாழ்ப்பாணம் வந்து சேர்கிறது. கண்ணைச் சுற்றியுள்ள கருவளையம் போவதற்காக அதைப் பயன்படுத்துபவர்களிடம் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், கண் வைத்தியராகிய எனக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “கண்ணை மூடிக்கொண்டுதானே பிடிக்கிறன், டொக்டர்.”

நண்பகலில் முற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் நமக்கு முழு இருள் தெரிவதில்லை, செம்மைதான் தெரிகிறது. இமையின் தோலும் குருதியும் நீலத்தையும் பச்சையையும் பெருமளவு உறிஞ்சிவிட, சிவப்பு மட்டும் ஓரளவு ஊடுருவி உள்ளே வருகிறது. ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்புள்ள இமைத்தோல், இந்தக் கருவிகள் உமிழும் 630 முதல் 660 நானோமீற்றர் வரையான அலைநீளமுள்ள சிவப்பு ஒளிக்குப் பலவீனமான திரைதான். பல கருவிகளில் 810 முதல் 850 நானோமீற்றர் வரையான அகச்சிவப்புக் கதிரும் சேர்க்கப்பட்டிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாததால் கூச்சமும் இல்லை, கண்மணி சுருங்குவதும் இல்லை. விலகச் சொல்லி உடம்பு எச்சரிப்பதற்கு வழியே இல்லாமற் போகிறது.

இந்தச் சிகிச்சை வெறும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. 1967இல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர், லேசர் ஒளி பட்ட எலிகளில் முடி விரைவாக வளர்வதை அவதானித்ததிலிருந்து இத்துறை வளர்ந்து வந்திருக்கிறது. கலங்களுக்குச் சக்தி தரும் பகுதியான இழைமணியில் உள்ள ஒரு நொதியம் இவ்வொளியை உறிஞ்சுவதே இதன் அடிப்படை என்று கருதப்படுகிறது. கடைக்கண் ஓரத்து மெல்லிய சுருக்கங்கள் சில வாரங்களில் ஓரளவு குறைவதும் உண்டு. ஆனால் 2019இல் நியூட்ரோஜினா என்ற சருமப் பராமரிப்பு நிறுவனத்தின் முகப்பரு ஒளி முகமூடி, சில கண் நோயுள்ளவர்களுக்கும் ஒளியுணர்வைக் கூட்டும் மருந்து எடுப்பவர்களுக்கும் பாதிப்பு வரக்கூடும் என்ற காரணத்தால் சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டது. சீனாவில் குறும்பார்வைக்காகச் சிவப்பு லேசர்க் கருவியை ஐந்து மாதங்கள் பார்த்துவந்த 12 வயதுச் சிறுமியின் விழித்திரை சேதமடைந்தது 2023இல் மருத்துவ இதழொன்றில் பதிவானது. அது கண்ணுக்குள் நேரே செலுத்தப்பட்ட லேசர், முகமூடியின் எல்.ஈ.டி. அதற்குச் சமமல்ல. எனினும் சிவப்பென்றால் தீங்கற்றது என்ற எண்ணத்துக்கு அது போதிய மறுப்பு.

இதைவிட எனக்குக் கவலை தருவது, கருவளையத்துக்குரிய காரணத்தைத் தேடாமலே ஒளியைப் பிடிப்பது. நம் ஊரில் சோளகக் காற்று புழுதி கிளப்பும் மாதங்களில் ஒவ்வாமையால் கண் கடித்து, விடாமல் கசக்கியே இமை கறுத்தவர்கள் பலர். அவர்களுக்குத் தேவை ஒவ்வாமைக்குரிய சொட்டு மருந்தும் கசக்காத கையும். தொடர்ந்து கசக்கினால் கருவிழியே கூம்பி வளையக்கூடும். சிலருக்குக் கருவளையம் தாய்வழி வந்த நிறம், சிலருக்குக் குருதிச்சோகை, வயதானவர்களுக்குக் கண்ணுக்குக் கீழே விழும் பள்ளத்தின் நிழல். நிழலை எந்த ஒளிக் கருவியும் நிரப்பாது. தோலைச் சூடாக்கும் மலிவான கருவிகள் நிறத்திட்டை இன்னும் கூட்டவும் கூடும்.

நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், பரம்பரை விழித்திரை நோயுள்ளவர்கள், மூட்டுவாதத்துக்குத் தரும் ஐதரொட்சிகுளோரோகுயின், நுண்ணுயிர்க்கொல்லியான டொக்சிசைக்கிளின் போன்ற மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் தொடங்கக்கூடாது. மற்றவர்கள் ஒளி புகாத கிண்ண வடிவக் காப்பை இமைமேல் வைத்து, சுற்றியுள்ள எலும்பு விளிம்பின் தோலுக்கு மட்டும், கைந்நூல் சொல்லும் நேரத்துக்கு மேற்படாமல் பயன்படுத்தலாம். அலைநீளமும் ஒளிச்செறிவும் குறிப்பிடப்படாத கருவியை முகத்துக்கு அருகே கொண்டுபோகவே வேண்டாம் என்பது என் கருத்து.

பயன்படுத்திய பின்பு பார்வையின் நடுவில் நிழற்புள்ளி மறையாமல் நின்றாலோ, கதவுச் சட்டம் போன்ற நேர்கோடுகள் நெளிந்து தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட்டுக் கண் சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது கருவியையும் கைந்நூலையும் எடுத்து வந்தால், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. படமெடுத்துப் பார்க்கும்போது எந்த அலைநீளம் எவ்வளவு நேரம் பட்டது என்பதையும் சேர்த்தே மதிப்பிட முடியும்.