டிஸ்கிரிமினேஷன்: பிரித்தறிவதா, ஒதுக்குவதா?

மெட்டல் டிடெக்டர் வாங்கப் போகிற புதியவர் முதலில் கேட்பது 'எவ்வளவு ஆழம் போகும்?' இங்கிலாந்தின் உழுத வயல்களில் ஒரு பருவம் முழுக்கத் துருப்பிடித்த ஆணிகளைத் தோண்டியவர் கேட்பது வேறு: 'டிஸ்கிரிமினேஷன் எப்படி?' அதாவது, குப்பை இரும்பையும் நல்ல உலோகத்தையும் கருவி எவ்வளவு பிரித்துக் காட்டும்? புதிதாக எந்தக் கருவி வந்தாலும் பொழுதுபோக்குத் தேடலாளர்கள் எதிர்பார்ப்பது இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும்.

சொல்லின் வேர் லத்தீன். 'கெர்னெரே' என்றால் சலித்தல். முன்னால் 'திஸ்' சேர்ந்தால் சலித்துத் தனியே பிரித்தல். அதிலிருந்து பிரிகோடு என்ற பொருளில் 'திஸ்கிரிமென்' வந்தது. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் டிஸ்கிரிமினேஷன் என்றால் வேற்றுமை காண்பது, அவ்வளவுதான். ஆளுக்கொரு நீதி என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில்தான் ஒட்டிக்கொண்டது. நம் அகராதிகளில் இன்று முதலில் நிற்பது 'பாகுபாடு'. பகுத்தல் என்ற அளவில் அதில் தவறில்லை. ஆனால் 'உலோகப் பாகுபாடு' என்று கையேட்டில் எழுதினால் கருவி சாதி பார்க்கிறது என்றே காதில் விழும்.

சரியான தமிழைத் தேடுமுன் கருவி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். பரவலாகப் புழங்கும் விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) கருவியில், மண்மேல் வீசும் தட்டில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். அதில் சிக்கிய உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழும். அதன் எதிரொலி சற்றுப் பிந்தி அடுத்த சுருளுக்கு வரும். அந்தப் பிந்தலைத்தான் கட்ட வேறுபாடு என்கிறோம். திரையில் தெரியும் எண் அதுவே. உலோகம் என்ன என்பதோடு பொருளின் தடிமன், அளவு, கிடக்கும் சாய்வு எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. ஆகவே 'இது தங்கம்' என்று கருவி ஒருநாளும் சொல்வதில்லை.

மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். திரையில் எண்கள் -9 முதல் 40 வரை. சுழியமும் அதற்குக் கீழும் இரும்பு. அமெரிக்க 5 சென்ட் நாணயம் 12 அல்லது 13 காட்டும். பல தங்க மோதிரங்களும் அலுமினிய டின் மூடி வளையங்களும் விழுவது அதே அக்கம்பக்கத்தில்தான். வளையத்தைத் தள்ளினால் மோதிரமும் போகும். இரும்பிலும் ஏமாற்றம் உண்டு. ஆணி தன் காந்தத் தன்மையால் காட்டிக்கொடுத்துவிடும். சோடா மூடி தட்டையான தகடு என்பதால் அதில் சுழல் மின்னோட்டம் மேலோங்கி, நல்ல நாணயம்போல் நடிக்கும். சந்தேகம் வந்தால் 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். பிறகு தட்டைக் குறுக்கே வீசியபடியே மெல்லப் பின்னால் இழுங்கள். மூடியானால் பெரும்பாலும் விளிம்பில் எண் சரிந்து இரும்புக்குள் விழும். நாணயம் கடைசிவரை ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கும்.

இந்தச் சிக்கல் கருவியோடு கூடப் பிறந்தது. 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரஹாம் பெல் மெட்டல் டிடெக்டரின் முன்னோடியான தூண்டல் சமநிலைக் கருவியைக் கொண்டுபோனார். மெத்தையின் எஃகுக் கம்பிகள் ஒலியைக் குழப்பின; மருத்துவர்கள் தேடச் சொன்னதோ வலப்பக்கம், குண்டு இருந்தது இடப்பக்கம்.

தங்கக் கட்டி தேடும் ஆஸ்திரேலியர்களின் ஏக்கம் இன்னும் பெரிது. விக்டோரியா மாநிலத்தின் இரும்புச்சத்து மிகுந்த செம்மண் விஎல்எஃப் கருவியை ஓயாமல் கத்தவைக்கும். அதனால் அங்கே துடிப்பு முறைக் கருவிகள்: ஒரு துடிப்பை அனுப்பி, நிறுத்தி, சுமார் 10 மைக்ரோவினாடி கழித்து எதிரொலி தேய்வதை அளப்பவை. மண்ணின் கூச்சல் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும், ஆழமும் கிடைக்கும். விலையாகக் கொடுப்பது டிஸ்கிரிமினேஷன். புலம் இருக்கும்போதுதான் இரும்பின் காந்தத் தன்மை தெளிவாகத் தெரியும். புலம் நின்றபின் அளந்தால் பெரிய ஆணியும் பெரிய தங்கக் கட்டியும் ஒரே மாதிரி மெல்லத் தேயும். துடிப்பு முறையின் ஆழம், விஎல்எஃப்பின் பிரிப்பு, இரண்டும் ஒரே கருவியில் வேண்டும் என்பதே நெடுநாள் கனவு. ஆழத்தை இரட்டிப்பாக்கும் கனவைவிட இது நியாயமானது. சிறு பொருளின் எதிரொலி தூரத்தின் ஆறாம் படியில் குறைகிறது. இருமடங்கு ஆழத்துக்கு 64 மடங்கு சமிக்ஞை வேண்டும். விளம்பரத்தில் அதை யாரும் எழுத மாட்டார்கள்.

இனி தமிழ். ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும். குமிழைத் திருப்பிக் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே ஒலியை அடக்குவது வெறும் 'ஒதுக்கல்'. புதைந்திருப்பது இன்னதென்று சொல்வது 'இனங்காணல்', அதுதான் கனவு. இடையில் எதிரொலியை எண்ணாக மாற்றும் வேலைக்கு, பொதுப் பெயராகவும், 'பிரித்தறிதல்' பொருந்தும். லத்தீனின் சல்லடைக்கு நம்மிடம் முறம் உண்டு: புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல். முறத்தில் கொழிக்கும்போது குருணை தனியே ஒதுங்குவது அளவால், இனத்தால் அல்ல. கருவிக்கும் ஏறக்குறைய அதே கதைதான். ஆனாலும் கையேட்டில் 'கொழித்தல்' என்றால் இன்றைய வாசகருக்கு எட்டாது, பிரித்தறிதலே இருக்கட்டும்.

ஒதுக்கலை அமைப்பதும் எளிது. முதலில் எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும் நிலையில் வையுங்கள். ஒரு துருப்பிடித்த ஆணியைத் தட்டின்முன் 10 செ.மீ. தள்ளி அசைத்தபடி குமிழை ஏற்றுங்கள். ஆணியின் ஒலி உடையத் தொடங்கியதும் நிறுத்துங்கள், அதற்குமேல் ஒரு புள்ளிகூட வேண்டாம். இங்கிலாந்தில் இடைக்கால வெள்ளிப் பென்னியைச் சில்லறைக்காக நான்காக வெட்டிப் புழங்கினார்கள். 1279-இல் முதலாம் எட்வர்டு வட்டமான கால் பென்னியை அச்சடிக்கும்வரை அதுதான் வழக்கம். அந்த மெல்லிய கால்துண்டுகள் இரும்பு எல்லைக்குச் சற்று மேலேயே ஒலிக்கும். குமிழை ஏற்றிவிட்டவர் அவற்றின் மேலேயே நடந்து போய்விடுவார்.