பழைய கையேடு நிற்க, புதியது நுழையும் விதம்

மென்பொருளின் புதிய பதிப்பைச் சிறிது சிறிதாக வெளியிடும் முறை இன்று பரவலாகிவிட்டது. முதலில் சிலருக்கு மட்டும் கொடுத்து, கோளாறு இல்லையென்று கண்டபின் மற்றவர்களுக்கும் விரிப்பார்கள். அந்த மென்பொருளை விளக்கும் கையேட்டையும் இதே போல வெளியிட்டுவிடலாம் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் கையேட்டின் இயல்பு வேறு.

காட்பாடியில் உள்ள ஒரு சிறு நிறுவனம், ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதி டேனரிகளுக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைகளுக்கு, சரக்கிருப்பும் பில்லிங்கும் பார்க்கும் மென்பொருளைச் செய்து தருகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையில் வரவு வைத்த தோலைப் பதனிட்டு முடித்தபின் சதுர அடிக் கணக்குக்கு மாற்றுவது எப்படி என்று அதன் இணையக் கையேட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. ஐந்தாம் பதிப்பில் அந்தத் திரையே மாறிவிட்டது. ஆகவே பக்கத்தையும் புதிதாக எழுதியாக வேண்டும். ஆனால் ஆண்டுக் கணக்கு முடியும்வரை நான்காம் பதிப்பை விட மாட்டோம் என்று சொல்லும் டேனரிகளும் உண்டு. அவர்களுக்குப் புதிய பக்கம் எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும் அது தவறான பக்கமே.

வாசகர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மட்டும் புதியதைக் காட்டும் நுட்பம் எளிமையானது. முதல்முறை வருபவரின் பிரவுசரில் சர்வர் ஓர் எண்ணைக் குக்கீயாக, அதாவது பிரவுசர் சேமித்து வைக்கும் சிறு குறிப்பாக, வைக்கிறது. அந்த எண்ணை ஹாஷ் எனப்படும் கணக்கீட்டில் செலுத்தி, வரும் விடையை நூறால் வகுத்தால் கிடைக்கும் மீதி ஐந்துக்குக் குறைவாக இருந்தால் புதிய பக்கம், இல்லையெனில் பழையது. ஒரே எண் எப்போதும் ஒரே விடையைத் தருவதால் அவர் நாளை வந்தாலும் இன்று பார்த்த பக்கத்தையே பார்ப்பார். ஐந்தை இருபதாக்கினால், முன்பு புதியதைக் கண்டவர்கள் அப்படியே இருக்க, மேலும் சிலர் சேர்வார்கள். என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர் மென்பொருள்களில் இதற்கான வசதி சில வரிகளில் அமைந்துவிடுகிறது.

மென்பொருளுக்கு நன்றாகப் பொருந்தும் இந்த முறை கையேட்டுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து. ஏனெனில் கையேட்டைப் பெரும்பாலும் இருவர் சேர்ந்து படிக்கிறார்கள். காட்பாடியில் தொலைபேசியில் உதவும் பெண், “மூன்றாவது படத்தைப் பாருங்கள் சார்” என்கிறார். ஆம்பூர்க் கணக்கரோ, “நீங்க சொல்ற மூணாவது படமே இங்க இல்லையேம்மா” என்கிறார். இருவர் முன்னும் இருப்பது ஒரே முகவரி. வந்திருப்பதோ வெவ்வேறு பக்கம். ஆகவே வாசகர்களைப் பிரிப்பதைவிடப் பக்கங்களைப் பிரிப்பது நல்லது. முன்னால் நிற்கும் சர்வர் ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு, எழுதி முடிந்த பக்கங்களைப் புதிய தொகுப்பிலிருந்தும் மற்றவற்றைப் பழைய தொகுப்பிலிருந்தும் எடுத்துத் தரும். முகவரியிலேயே பதிப்பு எண் இருக்குமானால், யார் எதைப் படிக்கிறார் என்ற ஐயத்துக்கும் இடமில்லை.

ரியாக்ட் என்னும் நிரல் நூலகத்தின் ஆவணங்கள் ஏறக்குறைய இவ்வழியில்தான் மாறின. புதிய ஆவணங்கள் 2021 அக்டோபரில் சோதனை வடிவில் தனி முகவரியில் வெளியாயின. அப்போது பழைய தளமே முதன்மையாக இருந்தது. 2023 மார்ச்சில்தான் புதியது முதன்மை இடத்துக்கு வந்தது. பழையதை அழித்துவிடாமல் வேறொரு முகவரியில் காப்பகமாக வைத்து, முந்தைய லிங்க்குகளெல்லாம் உரிய இடத்துக்குச் செல்லுமாறும் ஏற்பாடு செய்தார்கள்.

பக்கம் எழுதுவதைவிட இந்த லிங்க் வேலைதான் கடினம். கையேட்டுக்கு வருபவர்கள் முகப்பு வழியாக வருவது குறைவு. தேடுபொறி, பழைய மின்னஞ்சல், யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி என்று நடுப்பக்கத்தில்தான் வந்து இறங்குகிறார்கள். நம் வேலூர்ப் பக்கத்து மக்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. வடஆற்காடு 1989இல் பிரிந்தது. பிறகு வேலூர் மாவட்டமாகப் பெயர் பெற்றது. 2019இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆனாலும் ஆம்பூரின் பின்கோடு 635802 ஆகவே இருப்பதால், பழைய பழக்கத்தில் ‘வேலூர் மாவட்டம்’ என்று எழுதிய கடிதமும் திருப்பத்தூர் மாவட்டத்திலுள்ள ஆம்பூருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இணையத்தில் அந்த வேலையைச் செய்பவை திருப்பிவிடும் குறியீடுகள். 302 என்று சர்வர் பதிலளித்தால் ‘தற்காலிகமாக அங்கே போ’ என்று பொருள். 301 என்றால் ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’. சோதனைக் காலத்தில் 302 போதும். 301 பதிலை பிரவுசர்கள் தம்மிடமே சேமித்துக்கொள்ளக்கூடும் என்பதால், மனம் மாறிப் பழைய பக்கத்தைத் திரும்ப வைத்தாலும் சிலருக்கு அது தெரியாமலே போகும். தேடுபொறிகளுக்கு வேறொரு சிக்கல்: ஒரே செய்தி இரண்டு முகவரிகளில் இருந்தால் எதைக் காட்டுவது என்று அவற்றுக்குத் தெரியாது. முதன்மை முகவரி எதுவென்று பக்கத்துக்குள்ளேயே குறிப்பிடும் வழக்கத்தைக் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2009இல் ஏற்றுக்கொண்டதால் அந்தக் குழப்பம் பெரிதும் குறைந்தது.

பலர் கவனிக்கத் தவறும் நுணுக்கம் ஒன்று உண்டு. முகவரியில் ‘#’ குறிக்குப் பின்னால் வரும் பகுதி, பக்கத்தின் எந்தத் தலைப்பில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. இப்பகுதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. ஒரே நீண்ட பக்கமாக இருந்த ‘சரக்கிருப்பு’ இப்போது நான்கு பக்கங்களாகப் பிரிந்திருந்தால், கணக்கர் ‘#சதுர-அடி’ என்ற லிங்க்கை அழுத்தினாலும் அவர் தேடுவது நான்கில் எது என்று சர்வரால் அறிய முடியாது. வந்து சேரும் பக்கத்தில் சிறு நிரல் ஒன்றை வைத்து, பிரவுசரிடமே அப்பகுதியைப் படிக்கச் செய்து, சரியான பக்கத்துக்கு அனுப்ப வேண்டும்; அல்லது பழைய தலைப்புப் பெயர்களைப் புதிய பக்கத்திலும் விட்டுவைக்க வேண்டும்.

லிங்க் கொடுத்தவர் எந்தப் பதிப்பை எண்ணிக் கொடுத்தார் என்ற கேள்வியும் இருக்கிறது. இதற்கு பைத்தான் என்னும் நிரல்மொழிக்காரர்கள் கண்ட விடை எனக்குப் பிடித்தது. மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தபின்னும் இரண்டாம் பதிப்பை ஏராளமானோர் பயன்படுத்தினர். 2012இல் எழுதப்பட்ட ஒரு முன்மொழிவு, ஆவணத் தளத்தின் முகப்புக்கு வருபவரை மூன்றாம் பதிப்புக்கும், பதிப்பு எண் இல்லாத பழைய உட்பக்க லிங்க்குகளில் வருபவரை இரண்டாம் பதிப்புக்கும் அனுப்பச் சொன்னது. அந்த லிங்க்குகளை எழுதியவர்களின் மனத்தில் இருந்தது இரண்டாம் பதிப்புதானே!

இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. அதன் ஆவணங்களோ, இது பழைய பதிப்புக்குரியது என்ற அறிவிப்பைத் தாங்கி, அதற்குப் பின்னும் இணையத்தில் இருக்கின்றன. நம் காட்பாடி நிறுவனமும் நான்காம் பதிப்புக்கு இதையே செய்யலாம்: ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு வரி அறிவிப்பு, அதிலேயே ஐந்தாம் பதிப்பின் இணையான பக்கத்துக்கு லிங்க். நான்காம் பதிப்பை நிறுவியிருக்கும் கடைசி டேனரியும் மாறிய பிறகே அப்பக்கங்களுக்கு 301 போட வேண்டும்.