சுபாவம் முதலில், ‘நான்’ பிறகு

நான்கு மாதக் குழந்தையின் முகத்துக்கு நேரே வண்ணப் பொம்மையை ஆட்டுகிறார்கள். ஒரு குழந்தை கண்கொட்டாமல் பார்த்தபடி கிடக்கிறது. இன்னொன்று கைகாலை உதறி, முதுகை வில்லாக வளைத்து, வீறிட்டு அழுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் கேகன் இப்படி நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வெகுவாகக் கலங்கியது. அவற்றில் பல, இரண்டு வயதில் புதியவர்களைக் கண்டு ஒதுங்கின. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் மூளைப் பகுதியான அமிக்டலா சிலருக்குச் சட்டென்று விழித்துக்கொள்கிறது என்பது அவர் தந்த விளக்கம். யாரும் கற்றுக்கொடுக்காமலே வரும் இந்த வேறுபாடுதான் சுபாவம்.

1956இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் தம்பதி தொடங்கிய நீண்டகால ஆய்வில் 40 சதவீதக் குழந்தைகள் எளிதில் பழகின, 15 சதவீதம் மெல்லப் பழகின, 10 சதவீதம் முரண்டு பிடித்தன. மீதி 35 சதவீதம் இந்த மூன்று வகைகளில் எதிலும் சேரவில்லை. வகை பிரிக்கும் ஆசை வரும்போதெல்லாம் நான் இந்த 35ஐ நினைத்துக்கொள்வேன்.

சுபாவம் இருக்கும்போதே ‘நான்’ என்ற உணர்வு வந்துவிடுவதில்லை. குழந்தையின் மூக்கில் அதற்குத் தெரியாமல் சிவப்புப் பொட்டு வைத்துக் கண்ணாடி முன் நிறுத்தினால், ஒரு வயதுக் குழந்தை கண்ணாடிக்குள் இருப்பது வேறு யாரோ என்று சிரிக்கும். ஒன்றரை, இரண்டு வயதில்தான் கை தன் மூக்குக்கே போகிறது. அதன் பிறகு சொற்கள் வந்து சேர்கின்றன. நான்கு வயதில் “எனக்கு வேகமாக ஓடத் தெரியும்” என்னும் பிள்ளை, எட்டு வயதில் “அவனைவிட மெதுவாகத்தான் ஓடுவேன்” என்று ஒப்பிடத் தொடங்குகிறது.

இந்தச் சொற்களில் பெரும்பகுதி பெரியவர்கள் கொடுத்தவை. விருந்தினர் வருகிறார், சிறுமி அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிகிறாள். “இவளுக்கு ரொம்பக் கூச்சம்” என்று அவள் தலைக்கு மேலே பேச்சு நடக்கிறது. அந்த நேரம் படபடத்த நெஞ்சு அவளுடைய சுபாவம். காதில் விழுந்த வாக்கியமோ அவள் தன்னைப் பற்றிக் கட்டப்போகும் எண்ணத்துக்கு ஒரு செங்கல். பிறகு வகுப்பில் விடை தெரிந்தும், நெஞ்சு படபடக்காத நாளிலும், “நான் கூச்சக்காரி” என்ற நினைப்பே கையை உயரவிடாது. “பழக இவளுக்குக் கொஞ்சம் நேரமாகும்” என்று சொல்லியிருந்தாலும் அதே உண்மைதான். ஆனால் அதில் அவள் பழகிவிடுவாள் என்ற நம்பிக்கையும் இருக்கிறது.

கேகனின் குழுவினர் தொடர்ந்து கவனித்தபோது, கலங்கிய குழந்தைகள் எல்லோரும் அச்சம் மிகுந்த பிள்ளைகளாக வளரவில்லை. பொத்திப் பொத்தி வளர்த்த வீடுகளில் பயம் தங்கியது. புதியவற்றின் அருகே மெல்லக் கூட்டிப்போய்ப் பழக்கிய வீடுகளில் குறைந்தது.