மேசைக்கடியில் ஹீட்டர் வைத்தால் காலில் வலை விழும்

மான்செஸ்டரில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர், தைப்பூசத்திற்காகப் பினாங்குக்கு வந்திருந்தபோது, தம் தாயாருடன் என் கிளினிக்குக்கு வந்தார். இடக்காலில், முழங்காலுக்குக் கீழே, மீன்வலையை விரித்துப் போட்டது போலப் பழுப்பு நிறக் கோடுகள் பின்னிக் கிடந்தன. காலுறையின் விளிம்போடு அவை நேர்கோட்டில் நின்றுவிட்டன. வலக்காலில் ஒரு கோடுகூட இல்லை. தேமல் என்று நினைத்து ஒரு மாதம் களிம்பு பூசியிருக்கிறார்கள். பிறகு வேறொரு கிளினிக்கில், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோயாக இருக்கலாம் என்று சொல்லிச் சில நூறு ரிங்கிட்டுக்கு இரத்தப் பரிசோதனை எடுத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை இணையத்தில் தேடிப் படித்த தாயார் மூன்று இரவுகள் தூங்கவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "ஏம்மா, அங்கே ஹீட்டரை எந்தப் பக்கம் வைத்து உட்காருவீர்கள்?" அவர் சற்று யோசித்துவிட்டு, "இடப்பக்கம்தான் டாக்டர், மேசைக்கு அடியில்" என்றார்.

இந்தக் குளிர்காலத்தில் நான் பார்த்த நான்காவது கால் இது. நால்வருமே வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள். நால்வருமே கட்டணத்திற்கு அஞ்சி வீட்டின் மைய வெப்பமூட்டியை அணைத்துவிட்டு, சிறிய மின்சார ஹீட்டரைக் காலருகே வைத்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்தவர்கள். முப்பது டிகிரி வெயிலில் இருந்துகொண்டு குளிரைப் பற்றி எழுதுவது இங்குள்ளவர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால், நம் பிள்ளைகள் லண்டனிலும் டப்ளினிலும் வாடகை அறைகளில் நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். "கட்டணம் ஏறும், பார்த்துச் செலவு செய்" என்று இங்கிருந்து தொலைபேசியில் சொல்பவர்கள் நாம்தான். ஆகவே, இது பிள்ளைகளுக்கு எழுதப்படும் அளவுக்குப் பெற்றோருக்கும் எழுதப்படுகிறது.

தோல் மருத்துவத்தில் இதற்கு எரித்திமா அப் இக்னே என்று பெயர். நெருப்பினால் வந்த சிவப்பு என்பது அந்த இலத்தீன் சொற்களின் பொருள். கணப்படுப்பின் முன்னால் அமர்ந்து குளிர்காய்ந்தவர்களின் முழங்கால்களில் முற்காலத்து மருத்துவர்கள் கண்ட அதே வலைதான், இன்று ஹீட்டராலும் வெந்நீர்ப் பையாலும் வருகிறது. 2004 முதல், மடிக்கணினியைத் தொடைமீது வைத்து வேலை செய்பவர்களிடமும் இது மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது. வெளுத்த தோலில் முதலில் சிவப்பு தெரியும். நம் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலேயே கடந்து போய், நேராகப் பழுப்பில்தான் நாம் விழித்துக்கொள்கிறோம். நம்மவர்கள் தாமதமாக வருவதற்கு இதுவே முதற்காரணம்.

"சுடவே இல்லையே டாக்டர், இதமாகத்தானே இருந்தது?" இந்த ஒரு கேள்வியை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கொப்புளம் வந்தால்தான் சூடு கெடுதல் செய்தது என்று பொருள், வலிக்காத வரையில் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றி இருக்கிறது. அது தவறு. தோலுக்குச் சூட்டின் அளவு மட்டும் கணக்கல்ல, நேரமும் கணக்கு. அறுபது டிகிரி வெந்நீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். நாற்பத்து நான்கு டிகிரிச் சூடு அதே காரியத்தைச் செய்ய ஏறக்குறைய ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தக் காயம் ஏற்படும் அளவுக்குக்கூடப் போகாத சூட்டை, நாள்தோறும் பல மணி நேரம், வாரக்கணக்கில் ஒரே இடத்தில் காட்டிக்கொண்டிருந்தால், தோலுக்கு அடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் பின்னல் எப்படி அமைந்திருக்கிறதோ அப்படியே கறையாகப் படிந்துவிடுகிறது. வலி எச்சரிக்கும் என்று காத்திருப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கை வருவதே இல்லை.

நம் பாட்டிமார் இதை அறிந்தவர்கள் போலத்தான் நடந்துகொண்டார்கள். வயிற்றுவலிக்கும் மூட்டுவலிக்கும் அவர்கள் ஒத்தடம் கொடுத்தார்கள். தவிட்டையோ உப்பையோ வறுத்துத் துணியில் முடிந்து, தோலில் வைத்து, எடுத்து, மறுபடியும் இடம் மாற்றி வைத்தார்கள். ஒத்தி ஒத்தி எடுப்பதால்தான் அதற்கு ஒத்தடம் என்று பெயர். மாதவிலக்கு வலிக்காக வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் கணினி முன் உட்காருவது ஒத்தடம் ஆகாது. அப்படி உட்கார்ந்த ஒரு பெண்ணின் வயிற்றில் அந்தப் பையின் வடிவத்திலேயே வலை விழுந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இது வெறும் நிறமாற்றம்தானே என்று தள்ளிவிடவும் கூடாது. காஷ்மீரில் குளிர்காலத்தில் காங்கிரி என்னும் கரியடுப்புக் குடுவையைப் பெரன் என்னும் தொளதொளப்பான நீண்ட மேலங்கிக்கு உள்ளே வயிற்றோடும் தொடையோடும் அணைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் குளிர்காய்பவர்களில் சிலருக்கு, அதே இடத்தில் தோல் புற்றுநோய் வருவது நூறாண்டுகளுக்கும் மேலாக மருத்துவ உலகம் அறிந்த செய்தி. ஒரு குளிர்காலம் ஹீட்டர் முன் உட்கார்ந்தவருக்கு அது வந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. அத்தகைய மாற்றத்திற்குப் பல ஆண்டுகள் ஆகும், அதுவும் அரிது. ஆனால், பழக்கம் ஆண்டுக்கு ஆண்டு தொடர்வதைத்தான் நான் பார்க்கிறேன்.

செலவுக் கணக்குக்கு வருவோம், ஏனென்றால் சிக்கனத்தின் பெயரால்தான் இத்தனையும் நடக்கிறது. 2,000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 16 யூனிட் ஆகும். பிரிட்டனில் ஒரு யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால், அது நாளுக்கு 4 பவுண்ட். சிக்கனம் என்று நினைத்துச் செய்தது சிக்கனமும் இல்லை. மாறாக, சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அதைத் தப்பவிடாமல் உடையால் பிடித்து வைப்பதுதான் காசு செலவில்லாத வெப்பம். தடித்த ஒரே சட்டையைவிட, உடலோடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் இன்னொன்று என்று அடுக்குவது நல்லது. அடுக்குகளுக்கு இடையில் சிக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. இடுப்புக்குக் கீழே ஒரு போர்வையைச் சுற்றி, அதன் நுனியைப் பாதத்திற்கு அடியில் மடித்துச் செருகிக்கொள்ள வேண்டும். பாதம் தரையைத் தொடக் கூடாது. ஓர் அட்டைப்பெட்டிக்குள் பழைய போர்வையை இட்டு, காலுறையோடு பாதங்களை அதற்குள் வைத்துப் பாருங்கள். விரல் நுனி வெளியே தெரியும் கையுறை தட்டச்சுக்குத் தடையாக இராது. மேசையைச் சன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள்; டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே அங்கே இருட்டிவிடும், அப்போதே திரையை இழுத்து மூடுங்கள். மணிக்கொரு முறை எழுந்து மாடிப்படி ஏறி இறங்குங்கள். ஒரு ஃபிளாஸ்க் இரசம் போட்டு வைத்துக்கொண்டால் நண்பகல் வரைக்கும் துணைக்கு இருக்கும்.

மின்சாரப் போர்வை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பெரும்பாலானவை 100 முதல் 150 வாட்டுக்குள் அடங்கும். ஆகவே, கட்டணத்தைப் பொறுத்தவரை அது ஹீட்டரைவிடப் பன்மடங்கு மலிவு. ஆனால், வெறும் தோலின்மேல் போடாமல் உடையின்மேல் போட வேண்டும், குறைந்த சூட்டில் வைக்க வேண்டும், உடல் சூடேறியதும் அணைத்துவிட வேண்டும். நாள் முழுவதும் ஓடவிட்டால் ஹீட்டர் செய்ததை இதுவும் செய்யும். வெந்நீர்ப் பையில் கொதிநீரை ஊற்றாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி, உறை போட்டுப் பயன்படுத்துங்கள். பிரிட்டனில் விற்கும் பைகளில் பூப்போன்ற ஒரு முத்திரை இருக்கும். அதன் நடுவில் உள்ள எண் தயாரித்த ஆண்டைக் குறிக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பையைத் தூக்கி எறியுங்கள். பழைய இரப்பர் வெடித்து வெந்த தொடையைப் பார்த்தவர்கள் அந்தச் சில பவுண்டைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

அறையை முழுவதும் குளிரவிட்டு உடலை மட்டும் மூடிக்கொள்வதற்கும் ஓர் எல்லை உண்டு. 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்கிறது. குளிர் இரத்த அழுத்தத்தை ஏற்றும். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிமாருக்கு இது மிகவும் பொருந்தும். நீரிழிவு உள்ளவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இன்னொன்று. மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வில், நீரிழிவு விகிதம் இந்தியர்களிடமே மிக அதிகமாக இருந்தது. உணர்ச்சி குன்றிய பாதத்திற்குச் சூடு தெரியாது. தெரியாமலேயே வெந்து புண்ணாகிவிடும். ஐயா, அம்மா, உங்கள் பாதத்தருகே ஹீட்டரும் வேண்டாம், வெந்நீர்ப் பையும் வேண்டாம். இரண்டு சோடிக் காலுறை போதும்.

குளிரில் விறைத்த விரல்களை ஓடிவந்து ஹீட்டரில் காட்டினால், சில மணி நேரத்தில் அவை சிவந்து வீங்கி அரிக்கும். அது பூஞ்சை அல்ல, படர்தாமரைக் களிம்பு வேண்டாம்; மெதுவாகச் சூடேற்றினால் அது வராது. பிராந்தி உடம்பைச் சூடாக்கும் என்று சொல்லி அனுப்பும் மாமாக்களுக்கும் ஒரு வார்த்தை: மது தோலின் இரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடு வந்தது போலத் தோன்றும், உண்மையில் உடலின் உள்வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும்.

உயிரை எடுப்பது வேறொன்று. மின்சாரக் கட்டணத்துக்கு அஞ்சி, கரியடுப்பை அறைக்குள் கொண்டுவருவதையோ எரிவாயு அடுப்பைத் திறந்துவைத்துக் குளிர்காய்வதையோ ஒருபோதும் செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வரும், வெளியே போனால் தெளியும், சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்தவர்கள் எழாமலே போயிருக்கிறார்கள். குளிர் வருகிறதென்று காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள். எரிவாயுக் கொதிகலன் உள்ள வாடகை வீட்டில் இந்த வாயுவுக்கான எச்சரிக்கைக் கருவியைப் பொருத்துவது, இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. இல்லையென்றால் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

அந்தப் பெண்ணுக்கு நான் மருந்து எதுவும் எழுதவில்லை. ஹீட்டரைக் காலருகே வைக்காமலிருந்தால், வலை சில மாதங்களில் மெல்ல மங்கும். நாட்பட்டது முழுவதும் மறையாமலும் போகலாம். சீக்கிரம் வெளுக்கட்டும் என்று சந்தையில் விற்கும் வெண்மைக் களிம்புகளைத் தடவ வேண்டாம் என்று மட்டும் கண்டித்துச் சொன்னேன், ஏனென்றால் பாதரசம் கலந்த களிம்புகளை நம் நாட்டுச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பத் தடை செய்தும் அவை கடைகளுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. தாயார் தயங்கியபடி, "நான்தான் டாக்டர், கட்டணம் ஏறும், பெரிய ஹீட்டரைப் போடாதே என்று தினமும் சொன்னேன்" என்றார். அவர் அடுத்த நாளே மகளின் பெட்டியில் இரண்டு தடித்த கைலிகளையும் ஒரு கம்பளிப் போர்வையையும் வைத்து அனுப்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். வலை விழுந்த இடத்தில் தடிப்போ முடிச்சோ ஆறாத புண்ணோ தென்பட்டால், அடுத்த விடுமுறைக்குக் காத்திராமல் அங்கேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.