சிலுவையை நேசிப்பவர்கள் மார்ஃபினை மறுக்க வேண்டுமா?

பெரிய வெள்ளிக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கிவிட்டால், பினாங்கில் நான் பணியாற்றும் வலி நிவாரணச் சிகிச்சைப் பிரிவில் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். தீர்ந்திருக்க வேண்டிய மார்ஃபின் சிரப் பாட்டில், பாதிக்கு மேல் மிச்சத்தோடு திரும்பி வருகிறது. வலி குறைந்ததால் மிச்சமானது என்றால் மகிழலாம். முகத்தைப் பார்த்தாலே அப்படியில்லை என்று தெரிந்துவிடுகிறது.

இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகக் கணக்கெடுக்கும் நடைமுறையை மலேசிய சுகாதார அமைச்சு 2008-இல் கொண்டுவந்தது. அதனால் தாதி ஒவ்வொரு நோயாளியிடமும் 0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று கேட்பார். எலும்புக்குப் பரவிய புற்றுநோயோடு, நாற்காலியில் நேராக உட்காரவும் முடியாமல் ஒருக்களித்திருக்கும் ஓர் அம்மா “மூன்றுதான்” என்பார். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் காரணம் வெளிவரும். “இயேசு பட்ட பாட்டுக்கு முன்னால் இது என்ன, டாக்டர்? பெரிய வெள்ளி வரைக்கும் இதை ஒப்புக்கொடுத்திருக்கிறேன்.” பக்கத்தில் நிற்கும் மகள் ஒன்றும் பேச முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

நானும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சிலுவைப் பாதையின் 14 நிலைகளிலும் முழந்தாளிட்டு வளர்ந்தவள். அந்த அம்மாவின் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு தவறானது. மருத்துவமும் அதை ஏற்கவில்லை, திருச்சபையும் அதைக் கேட்கவில்லை. இதை நம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள், குறிப்பாக வீட்டில் நோயாளியைப் பராமரிப்பவர்கள், தெரிந்துகொள்ள வேண்டும்.

சிலுவையில் அறையப்பட்ட உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். 1847-இல் வில்லியம் ஸ்ட்ரவுட் என்ற ஆங்கிலேய மருத்துவர், இயேசுவின் இதயம் வெடித்ததுதான் மரணத்துக்குக் காரணம் என்று எழுதினார். ஈட்டி பாய்ந்த விலாவிலிருந்து இரத்தமும் நீரும் வந்தன என்ற யோவான் நற்செய்தியின் குறிப்பே அவருக்கு அடிப்படை. இருபதாம் நூற்றாண்டில் பாரிஸ் அறுவை மருத்துவர் பியர் பார்பே, ஆணி உள்ளங்கையில் அறையப்பட்டிருந்தால் உடலின் பாரத்தில் சதை கிழிந்துவிடும், மணிக்கட்டில்தான் அறைந்திருப்பார்கள் என்று வாதிட்டார். மணிக்கட்டின் நடுவே ஓடும் நரம்பை ஆணி தாக்கும்போது எழும் வலியைப் பற்றியும், மூச்சு விட முடியாமல் திணறி இறப்பதைப் பற்றியும் அவர் எழுதியவை இன்றும் நம் பெரிய வெள்ளிப் பிரசங்கங்களில் ஒலிக்கின்றன. 1986-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் மேயோ கிளினிக்கின் நோய்க்குறியியல் மருத்துவர் வில்லியம் எட்வர்ட்ஸ் மற்ற இருவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை, கசையடியால் இரத்தம் இழந்த அதிர்ச்சி நிலையும் மூச்சுத் தளர்ச்சியும் முக்கியக் காரணங்கள் என்றது.

ஆனால் நியூயார்க் மாநிலத்தில் சட்ட மருத்துவராக இருந்த ஃபிரெடரிக் ஜுகிபே, தன்னார்வலர்களைப் பாதுகாப்பான பட்டைகளால் சிலுவையில் கட்டிப் பார்த்தார். கைகள் பக்கவாட்டில் விரிந்திருந்த நிலையில் அவர்கள் மூச்சுத் திணறவில்லை. காயங்களாலும் நீரிழப்பாலும் உண்டான அதிர்ச்சி நிலையே மரணத்துக்குக் காரணம் என்று அவர் முடிவு செய்தார். 2006-இல் பிரிட்டனில் இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் கருத்துகள் அனைத்தையும் எடுத்து வைத்துச் சோதித்தார்கள். எதையும் உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

மண்ணுக்குள் கிடைத்த சான்றும் மிகக் குறைவு. 1968-இல் எருசலேமின் வடபகுதியில் ஒரு கல்லறைக் குகையைத் தோண்டியபோது, குதிகால் எலும்பில் ஆணி ஊடுருவியபடியே இருந்த ஓர் ஆணின் எலும்புகள் கிடைத்தன. ஆணியின் நீளம் ஏறத்தாழ 11.5 சென்டிமீட்டர். அதன் நுனி வளைந்து போயிருந்ததால் எடுக்க முடியாமல் விட்டிருக்கிறார்கள், அதனால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்த மனிதரின் முன்கை எலும்பில் ஆணித் தடம் இருப்பதாக முதலில் சொல்லப்பட்டதைப் பின்னர் மறுஆய்வு செய்தவர்கள் ஏற்கவில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே 2017-இல் இன்னொரு குதிகால் எலும்பு ஆணியோடு கிடைத்தது. ரோமப் பேரரசு எத்தனையோ பேரைச் சிலுவையில் அறைந்தது. அவர்களுடைய எலும்புகளில் எஞ்சிய தெளிவான அடையாளம் இவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் ஆலயங்களில் பெரிய வெள்ளியன்று பிரசங்கம் செய்கிறவர்களில் சிலர் இந்த மருத்துவக் கட்டுரைகளை முடிந்த முடிவுகளாக எடுத்துக்கொண்டு, நரம்பு நரம்பாக, அடி அடியாக விவரிக்கிறார்கள். கேட்பவர்கள் அழுகிறார்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் அதே பெஞ்சில் கணையப் புற்றுநோயோடு உட்கார்ந்திருப்பவரின் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அவர் தம் வலியை அந்த வலியோடு வைத்து அளக்கத் தொடங்குகிறார். எவ்வளவு துடித்தாலும் அது சிறியதாகவே படும். மாத்திரை கேட்கவே வெட்கமாகிவிடும். மருத்துவ விவரங்களைக் கொட்டிச் செய்யும் பிரசங்கம் நோயாளிக்குத் தீங்கு செய்வதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

நற்செய்தி எழுதியவர்கள் அப்படி அளக்கவில்லை. சிலுவையில் அறைந்ததை அவர்கள் சில சொற்களில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எத்தனை ஆணி, எந்த நரம்பு என்பதெல்லாம் அங்கே இல்லை. அவர் யாரை மன்னித்தார், தாயை யாரிடம் ஒப்படைத்தார், பக்கத்துச் சிலுவையில் தொங்கியவனிடம் என்ன சொன்னார் என்பவைதான் இருக்கின்றன. மீட்பு வந்தது அன்பினால் என்றுதான் நான் கற்றேன். அதிக வலி அதிக மீட்பைத் தரும் என்று எந்த மறைக்கல்வி வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

சில நோயாளிகள் வேதத்தை நன்றாகவே அறிந்தவர்கள். “வெள்ளைப்போளம் கலந்த திராட்சை இரசத்தைக் கொடுத்தபோது ஆண்டவர் குடிக்கவில்லையே?” என்று கேட்பார்கள். மாற்கு நற்செய்தியின் 15-ஆம் அதிகாரம். மரண தண்டனைக்குள்ளானவர்களுக்கு மயக்கம் தரும் பானம் கொடுக்கும் வழக்கம் எருசலேமில் இருந்ததாக யூத நூல்களும் சொல்கின்றன. எனவே கேள்வி நியாயமானது. ஆனால் அதே வேதத்தில் இன்னும் சிறிது தூரம் வாசிக்க வேண்டும். யோவான் 19-ஆம் அதிகாரத்தில் அவர் “தாகமாய் இருக்கிறது” என்கிறார். ஈசோப்புத் தண்டில் கடற்பஞ்சை வைத்து நீட்டிய புளித்த திராட்சை இரசத்தை ஏற்றுக்கொள்கிறார். அதன் பிறகே “எல்லாம் நிறைவேறிற்று” என்று சொல்லி உயிர் விடுகிறார். தம் உடல் படும் வேதனையை அவர் மறைக்கவில்லை. “என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று உரத்த குரலில் கதறினார். வலி 8 என்றால் 8 என்று தாதியிடம் சொல்வது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்கள் இந்த வசனங்களோடு கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

திருச்சபையின் போதனை இதில் தெளிவாகவே இருக்கிறது. 1957 பிப்ரவரியில் மயக்க மருந்து நிபுணர்களின் கேள்விகளுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் பதில் அளித்தார். வேறு வழியில்லாதபோது, வலியைத் தணிப்பதற்காகவே போதைத் தன்மையுள்ள மருந்தைக் கொடுக்கலாம். அதனால் நினைவு மங்கினாலும் ஆயுள் குறைய நேர்ந்தாலும் அது தவறாகாது என்றார். 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடும் (திருச்சபைப் போதனைகளின் தொகுப்பு) அதையே உறுதிசெய்து, வலி தணிப்புப் பராமரிப்பைத் தன்னலமற்ற அன்பின் வடிவம் என்று போற்றுகிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1984-இல் மனிதத் துன்பத்தின் கிறிஸ்தவப் பொருளைப் பற்றி எழுதிய மடலில் நல்ல சமாரியரை நினைவூட்டுகிறார். சமாரியர், அடிபட்டவனிடம் துன்பத்தின் மேன்மையைப் பற்றிப் பேசவில்லை. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினார்.

வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இருக்கும் நோயாளிகளுக்கான நவீன ஹோஸ்பிஸ் பராமரிப்பை உருவாக்கிய சிசிலி சாண்டர்ஸும் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுள்ளவர். 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹோஸ்பிஸைத் தொடங்கிய அவர், நோயாளி கதறும் வரை காத்திருக்காமல் நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுக்கும் முறையைப் பரப்பினார். உடல், மனம், உறவு, ஆன்மா ஆகிய நான்கும் சேர்ந்துதான் ஒருவரின் வலி என்பது அவர் சொன்னது. இன்று நம் நாட்டில் இந்தப் பராமரிப்பைக் கற்கும் ஒவ்வொரு மருத்துவரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்.

அந்த நான்காவது வலிக்கு என் மருந்துப் பட்டியலில் மருந்து கிடையாது. “நான் என்ன பாவம் செய்தேன்?” என்று இரவு முழுவதும் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு எத்தனை மில்லிகிராம் கொடுத்தாலும் வலி அடங்காது. பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமில்லை என்றார் இயேசு. இதை நான் சொல்வதைவிட அருட்தந்தை சொன்னால் நோயாளியின் உள்ளத்தில் பதியும். ஆகவே பங்குத்தந்தையை வீட்டுக்கு அழைக்கச் சொல்கிறேன். அப்படி ஒரு சந்திப்புக்குப் பிறகு, கூட்டாமலே அதே மருந்தளவு போதுமாகிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

துன்பத்தைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கும் ஒப்புக்கொடுத்தல் என்ற பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. மருந்து கொடுத்த பிறகும் நோயாளிக்கு எவ்வளவோ மிச்சமிருக்கிறது: நடக்க முடியாமை, சாப்பாட்டின் ருசி போனது, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டோமோ என்ற குறுகல். ஒப்புக்கொடுக்க அவை போதும். எல்லாம் தெரிந்த பின்னும், நற்கருணை வாங்கும் நேரத்தில் மயக்கம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒரு பாட்டி கேட்டார். அவருடைய உரிமை அது. மருந்து நேரத்தை மாற்றி அமைத்தோம். நோயாளிக்குத் தெரியாமல் மைலோவில் கலந்து கொடுக்கலாமா என்று கேட்கும் பிள்ளைகளுக்கு என் பதில், கூடாது என்பதுதான். பேசிச் சம்மதம் வாங்குங்கள். முடியாவிட்டால் எங்களிடம் அழைத்து வாருங்கள், நாங்கள் பேசுகிறோம்.

பக்திக்குப் பின்னால் சில நேரம் பயமும் ஒளிந்திருக்கும். மார்ஃபின் எடுத்தால் அடிமையாகிவிடுவோம், மார்ஃபின் என்றாலே கடைசி நாள் என்ற பயம். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் கண்காணிப்பில் சரியான அளவில் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. பலர் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் எடுத்தபடியே பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார்கள். தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாள்களில் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் போகாது, அதற்கு லாக்டுலோஸ் போன்ற மருந்தையும் தொடர்ந்து எடுக்க வேண்டும். சிரப் என்றால் வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை. வலி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அடக்குவது கடினமாகும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. நெடுநேரம் வேலை செய்யும் மாத்திரைகளை நசுக்கிக் கொடுக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், மருந்தோ அளவோ மாறும். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மிக மெதுவாகிவிட்டால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அடக்கப்படாத வலி உடலையும் சும்மா விடுவதில்லை. தூக்கம் கெடுகிறது, நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன, ஆழமாக மூச்சு விடவும் இருமவும் பயப்படுபவரின் நுரையீரலில் சளி தேங்கித் தொற்று வருகிறது. வலிக்கும் ஒரு வேலை உண்டு என்பதை மறுக்கவில்லை. தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்து வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட், வலி உணர்வு இல்லாததால்தான் அவர்கள் விரல்களை இழக்கிறார்கள் என்று காட்டினார். வலி, தீப்பிடித்தால் அடிக்கும் மணி போன்றது. தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்த பின்னும் அது அடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்துக்குப் போய் வெறுங்காலோடு சிலுவைப் பாதை செல்ல விரும்புகிறவர்களே, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் மதிய வெயிலில் தார்ச் சாலை சுடுவதே உங்களுக்குத் தெரியாது. கொப்புளம் புண்ணாகி, புண் விரலை எடுப்பதில் முடியும். செருப்பு போட்டுக்கொண்டே ஜெபியுங்கள். ரமலானுக்கு முன் நம் முஸ்லிம் நண்பர்கள் கிளினிக்கில் மருந்து நேரத்தைக் கேட்டு மாற்றிக்கொள்கிறார்கள். நாம் சாம்பல் புதனுக்கு முன் கேட்பதில்லை. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு மாத்திரையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். திருச்சபையின் சட்டப்படி நோன்பு 18 வயது முதல் 59 வரை, அதுவும் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. நோயாளிகளுக்கு அந்தக் கடமையே இல்லை.

தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை என்பதால் பிள்ளைகள் வேலையிலிருந்து ஓடி வந்து பெற்றோரைக் கோவிலுக்கு அழைத்துப்போகிறார்கள். வழிபாடு நீளமானது. அன்று எத்தனை மணிக்கு மருந்து என்று காலையிலேயே கணக்குப் பார்த்து, ஒரு வேளை அளவைத் தண்ணீரோடு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் வந்தால் பெஞ்சிலேயே குடிக்கக் கொடுக்கலாம். வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு நற்கருணை கொண்டுவரும்படி பங்கில் சொல்லி வையுங்கள். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல் சாகும் தறுவாயில் மட்டும் பெறுவது என்று நினைத்து ஒத்திப்போடாதீர்கள். நோய் கடுமையானதும், நினைவு தெளிவாக இருக்கும்போதே கேளுங்கள். மார்ஃபின் எடுப்பவர்களுக்கும் அது உண்டு.